தொகுத்தவர் வேறு, எடுத்தவர் வேறு

"இணையத்தில்தானே கிடந்தது, எடுத்தால் என்ன தவறு?" தங்கவயலின் படங்களைத் தொகுத்துக் குறுவட்டாக வழங்கிவரும் ஓர் அன்பரிடம், அவை யாருடையவை என்று கேட்டபோது எனக்குக் கிடைத்த விடை இது. அவர் பெயர் இங்குத் தேவையில்லை. இதை அவர் ஒருவரின் குறையாக நான் கருதவுமில்லை. ஊர்ப்பற்றின் பெயரால் நம்மில் பலர் ஏற்றுக்கொண்டுவிட்ட நியாயம் இது. ஆகவே பொதுவில் மறுக்க வேண்டியிருக்கிறது.

முதலில், அந்தப் படங்கள் எங்கிருந்து வந்தன என்பதைப் பார்ப்போம். 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் இங்குக் கால்பதித்த நாள்தொட்டுச் சுரங்கம் படம்பிடிக்கப்பட்டே வந்திருக்கிறது. ஆனால் கம்பெனிக் காலப் படங்கள் பலவற்றில் சுரங்கக் குழியின் பெயர் இருக்கும், துரையின் பெயர் இருக்கும். வடார்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து அக்குழிக்குள் இறங்கியவர்கள் "கூலிகள்" என்ற ஒற்றைச் சொல்லில் அடங்கிவிடுவார்கள். 2001இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டபின் ஊர் கலைந்தது. கலைந்துபோனவர்களுள் சிலர், எந்த நிறுவனத்தின் துணையுமின்றித் தம் கைக்காசில் சிறு தளங்களை அமைத்தனர். வீட்டு ஆல்பத்துப் படங்களை ஏற்றி, "இடமிருந்து மூன்றாவது நிற்பவர் என் தாத்தா, சாம்பியன் ரீஃபில் டிம்பர்மேன்" என்று கீழே எழுதினர். கம்பெனி தராத பெயரை அந்த ஒரு வரி தந்தது.

குறுவட்டில் அந்த வரி இல்லை. படம் மட்டும் வெட்டி எடுக்கப்பட்டிருக்கிறது. மூலையில் தொகுப்பாளரின் பெயர் பதிக்கப்பட்டிருக்கிறது. நூறாண்டுக்கு முன் பெயரின்றி நின்ற அதே மனிதர் மீண்டும் பெயரிழந்து நிற்கிறார். இம்முறை பெயரைப் பறித்தது வெள்ளைக்காரக் கம்பெனியன்று, நாம்.

இதனினும் கொடுமை ஸ்டீரியோ படங்களுக்கு நேர்ந்தது. ஒரே காட்சியை, இரு கண்களுக்கு இடையேயுள்ள தொலைவான ஏறத்தாழ 6.5 செ.மீ. விலகிய இரு புள்ளிகளிலிருந்து எடுத்து, இடப்படத்தை இடக்கண்ணுக்கும் வலப்படத்தை வலக்கண்ணுக்கும் காட்டினால் மூளை அவற்றை இணைத்து ஆழத்தைக் காண்கிறது. 1858இலேயே லின்னேயஸ் டிரைப் திருச்சிராப்பள்ளியையும் தஞ்சாவூரையும் இம்முறையில் எடுத்திருக்கிறார். இன்றும் இதைப் பொழுதுபோக்காகக் கொண்டோர் உண்டு; சயனைடு மேட்டையும் கைவிடப்பட்ட சுரங்கக் கோபுரங்களையும் அவர்கள் அவ்வாறே படமெடுத்துத் தம் தளங்களில் வைத்திருக்கின்றனர். நம் தொகுப்பாளர் "ஒரே படம் இரண்டு முறை வந்திருக்கிறது" என்றெண்ணிப் பாதியை நீக்கிவிட்டார். மேட்டின் உயரம் போயிற்று. எஞ்சியது ஒரு தட்டையான மண்நிறம். எடுத்தவரிடம் ஒரு சொல் கேட்டிருந்தால் இது நிகழ்ந்திராது. அனுமதி கேட்பதன் முதற்பயன், எதை எடுக்கிறோம் என்பதை அறிந்துகொள்வதே.

சட்டம் என்ன சொல்கிறது? 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒளிப்படத்தை எடுத்தவரே அதன் ஆக்கியோர். 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப்பின் அவ்வுரிமை அவர் வாழ்நாளும் அதற்குமேல் 60 ஆண்டுகளும் நீடிக்கிறது. மின்னணு முறையில் சேமித்து வைப்பதும் படியெடுத்தலே என்று அதே திருத்தம் தெளிவுபடுத்தியது. 57ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே செல்கிறது: உரிமையை விற்றுவிட்டாலும், "இது என் ஆக்கம்" என்று சொல்லும் உரிமையும், தன் பெயருக்கு ஊறுவிளைக்கும் சிதைவை எதிர்க்கும் உரிமையும் ஆக்கியோனிடமே தங்கும். "நான் விலைக்கு விற்கவில்லை" என்பது இதற்கு விடையாகாது. சொந்த ஆய்வுக்குப் படியெடுப்பதை 52ஆம் பிரிவு அனுமதிக்கிறது. நூறு படியெடுத்து ஊருக்கு வழங்குவது சொந்த ஆய்வன்று.

"இரவு பகலாக உழைத்துத் தொகுத்தேன்" என்பது அடுத்த வாதம். உழைப்பை மதிக்கிறேன். ஆனால் வெறும் உழைப்பு தொகுப்பாளனை உரிமையாளனாக்காது. திறனும் தேர்ந்தெடுக்கும் அறிவும் கொஞ்சமேனும் படைப்பாற்றலும் வேண்டும் என்று ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்படித் தொகுப்பில் ஓர் உரிமை பிறந்தாலும் அது அடுக்கிய முறைக்கு மட்டுமே உரியது. அடுக்கப்பட்ட படம் எடுத்தவருடையதாகவே இருக்கும்.

குறுவட்டுத் தொகுப்புக்கென்றே புகழ்பெற்ற ஒரு வழக்கும் உண்டு. 1997இல் நேஷனல் ஜியாகிரபிக் தன் 108 ஆண்டு இதழ்களை 30 குறுவட்டுகளாக வெளியிட்டது. கடலடிப் படங்களை எடுத்த ஜெரி கிரீன்பெர்க் என்பவர், தம்மைக் கேட்காமல் தம் படங்களைப் பயன்படுத்தியதாக வழக்குத் தொடுத்தார். 2001இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 2008இல் அதே நீதிமன்றத்தின் முழு அமர்வு இதழின் பக்கம் சாய்ந்தது. இதழ் வென்றதற்கு முதற்காரணம், அச்சில் வந்த பக்கங்களை அவை இருந்த சூழல் குலையாமல் குறுவட்டில் வைத்திருந்ததே. அமெரிக்கச் சட்டம் நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆயினும் படத்தை முன்பே முறையாகப் பெற்று அச்சிட்ட இதழுக்கே இந்தப் பாடு என்றால், யாரையும் கேளாமல், சூழலையும் பெயரையும் வெட்டியெறிந்தவர் எதைச் சொல்லி நிற்பார்?

"தளங்கள் அழிந்துவிடும், நாங்கள் காப்பாற்றுகிறோம்" என்பதே இவர்களின் வலுவான வாதம். அது உண்மையும்கூட. 2009இல் யாஹூ நிறுவனம் ஜியோசிட்டீஸை மூடியபோது எத்தனையோ தனிமனிதர்களின் பக்கங்கள் மறைந்தன. எஞ்சியவை பெரிதும் தன்னார்வலர் படியெடுத்து வைத்தவையே. எனவே படியெடுத்துப் பத்திரப்படுத்துவதை நான் எதிர்க்கவில்லை. பத்திரப்படுத்துவது ஒரு செயல், வெளியிடுவது மற்றொரு செயல். நெருப்புப் பிடித்த வீட்டிலிருந்து பெட்டியை வெளியே எடுத்தவர் பெட்டிக்கு உடையவராகிவிடுவதில்லை. மேலும் நம் தளங்களை நடத்துவோரில் பெரும்பாலோர் இன்றும் உயிரோடு இருக்கிறார்கள். ஒரு மின்னஞ்சல் தொலைவில் இருக்கிறார்கள். உரிமையாளரைத் தேடியும் காணமுடியாத படைப்புகளுக்கு உரிமம் பெறச் சட்டத்தின் 31ஏ பிரிவு வழிவைத்திருக்கிறது. அந்த வழி தேடியவர்க்கு உரியது, தேடாதவர்க்கன்று.

"தளம் வைத்திருப்பவரே அதை வேறெங்கிருந்தோ எடுத்திருந்தால்?" என்றும் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. காசு கொடுத்து ஸ்டூடியோவில் எடுத்த குடும்பப் படத்துக்கு, வேறு உடன்பாடு இல்லையெனில், காசு கொடுத்தவரே முதல் உரிமையாளர். வேலையின் பகுதியாகக் கம்பெனி ஊழியர் எடுத்த படம் கம்பெனியுடையது. ஆகவே சில வேளை ஒருவரைக் கேட்டால் போதாது, இருவரைக் கேட்க வேண்டியிருக்கும். கேட்கவே வேண்டாம் என்ற முடிவு இதிலிருந்து எப்படிப் பிறக்கும்?

இதெல்லாம் மேலைநாட்டுச் சட்டநுணுக்கம், தமிழர்க்கு அந்நியம் என்போர்க்கு ஒன்று சொல்வேன். தொகுத்தவர், தொகுப்பித்தவர், பாடியவர் என மூவரையும் பிரித்துக் காட்டியது நம் மரபு. அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மர், தொகுப்பித்தவர் உக்கிரப்பெருவழுதி. பாடல்கள் பாடியவர் பெயரிலேயே நிற்கின்றன. பெயர் தொலைந்த புலவரைக்கூட அவர்தம் பாட்டின் தொடரைக் கொண்டே செம்புலப்பெயனீரார் என்றும் அணிலாடு முன்றிலார் என்றும் அழைத்தனர். புறநானூற்றைத் தொகுத்தவர் யாரென்றே இன்று தெரியவில்லை. பாடியோர் பெயர்கள் வாழ்கின்றன. நம் சாம்பியன் ரீஃபிலிருந்து இயங்கிய சித்தார்த்த புத்தகசாலை அயோத்திதாசரின் எழுத்துகளை அவர் பெயரிலேயே நூல்களாக்கியது. அந்த ஊரின் பிள்ளைகள் நாம்.

ஆதலின் கோருவது நான்கே. எடுத்தவரையோ உடையவரையோ எழுத்தில் கேளுங்கள். அவர் பெயரையும் அவர் எழுதிய குறிப்பையும் படத்தோடு சேர்த்தே வையுங்கள். படத்தை வெட்டாதீர்கள், ஸ்டீரியோ இணையைப் பிரிக்காதீர்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால் நீக்கிவிடுங்கள். இவற்றுக்குக் காசு செலவில்லை, கொஞ்சம் காலம் செலவாகும். அதைச் செலவிட மறுத்தால், நம்பி ஆல்பத்தைத் திறந்த கைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொள்ளும். இன்னும் இணையமேறாத படங்கள் ராபர்ட்சன்பேட்டை வீடுகளின் டிரங்குப் பெட்டிகளிலேயே செல்லரித்துப் போகும்.