பாசிச் சாறு: இயற்கை என்றால் சோதனை வேண்டாமா?

கடல்பாசிச் சாறு இயற்கையானது, எவ்வளவு தெளித்தாலும் பயிருக்குக் கெடுதல் இல்லை, சோதனை என்பதெல்லாம் பெரிய கம்பெனிகள் போட்ட வேலி என்ற பேச்சு ராமநாதபுரம் பக்கம் வேரூன்றிவிட்டது. இதை நம்பிக் கைக்காசை இழக்கக்கூடியவர் மானாவாரி விவசாயி. அதனால் மறுத்தே ஆகவேண்டும்.

முதலில், கெடுதல் இல்லை என்பது. பாக் விரிகுடாவில் பெண்கள் மூங்கில் மிதவை கட்டி வளர்க்கும் காப்பாஃபைகஸை, ஊரார் சொல்லும் 'பெப்சி பாசி'யை, பச்சையாக அரைத்துப் பிழிந்தால் சாறு. மிஞ்சும் சக்கையிலிருந்து கராஜீனன் என்ற கூழ்மப்பொருள். மண்டபத்தில் நிலையம் வைத்திருக்கும் மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் கண்ட முறை இது; 2005-ல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றது. சாற்றில் பொட்டாசியத்தோடு ஆக்சின், சைட்டோகைனின், ஜிப்ரலின் ஆகிய வளர்ச்சி ஊக்கிகளும் உண்டு. துளியளவிலேயே பயிரின் போக்கை மாற்றுபவை இவை. அந்த நிறுவனத்தாரே ஜிப்ரலினை நீக்கிய சாற்றை மக்காச்சோளத்துக்குத் தெளித்துப் பார்த்தார்கள். தானியத்தில் கிடைத்த ஆதாயம் குறையவில்லை. மாட்டுத் தீவனமாகும் தட்டை கூடியது. கடல் தந்ததை அப்படியே தெளித்து நிறுத்தியிருந்தால் இது தெரிந்தே இருக்காது.

எவ்வளவு வேண்டுமானாலும் தெளிக்கலாம் என்பதும் நிற்காது. ஆய்வு வயல்களில் தக்காளிக்கு 5 சதக் கரைசல் சிறந்தது, பாசிப்பயறுக்கு 10, மானாவாரி சோயாவுக்கு 15. இங்கே விளையும் முண்டு மிளகாய்க்கு எது என்பதை முண்டு மிளகாய்ச் செடிதான் சொல்லவேண்டும்.

பாட்டி காலத்திலிருந்து தென்னைக்குப் பாசியை உரமாகப் போட்ட அனுபவம் போதாதா என்பார்கள். மண்ணில் மக்குவது வேறு, இலைவழி இறங்குவது வேறு. போதாததற்கு, பிழிந்த சாறு கெடும். புட்டியில் மாதக்கணக்கில் தாங்குமா என்று பாட்டியின் தென்னையைக் கேட்டுப் பயனில்லை.

கம்பெனிகளின் வேலி என்ற குறையில் மட்டும் நியாயம் உண்டு. 2021-ல் உரக் கட்டுப்பாட்டு ஆணையில் பாசிச் சாறு போன்ற உயிர் ஊக்கிகளைச் சேர்த்த மத்திய அரசு, மூன்று வேளாண் சூழல்களில் மூன்று அளவுகளில் வயல் சோதனையும், நச்சு, கன உலோகப் பரிசோதனைகளும் கேட்கிறது. மிதவை கட்டும் மகளிர் குழு தாங்கும் செலவா இது? ஆனால், தாங்க முடியாத செலவை அரசு ஏற்கவேண்டும் என்று கேட்பதுதான் முறை. சோதனையே வேண்டாம் என்றால், பாசி வளர்ப்பவரின் சுமையை மிளகாய் போடுபவரின் தலையில் ஏற்றுகிறோம். மண்டபத்தில் பிழியும் சாற்றைக் கமுதியிலும் ஆர்.எஸ். மங்கலத்திலும் அரசுச் செலவில் வயலில் சோதித்து, எந்தப் பயிருக்கு எந்தப் பருவத்தில் எவ்வளவு என்று புட்டியின் மேல் தமிழில் அச்சிடட்டும்.