பார்ப்பது கண் அல்ல, மூளை!

திருமழிசை ஆழ்வாருக்குக் காலிலும் ஒரு கண் இருந்தது என்பது ஐதீகம். சிவபெருமான் நெற்றிக்கண்ணைத் திறந்தாராம். ஆழ்வார் அஞ்சவில்லை. தம் வலது கால் விரலில் இருந்த கண்ணைத் திறந்து காட்டினாராம்! பூந்தமல்லிக்கு அப்பால், அவர் பிறந்த திருமழிசையில் சொல்லப்படும் கதை இது.

கண் நெற்றியில் இருக்கலாம்; காலிலும் இருக்கலாம். ஆனால், கண்டது இன்னதென்று சொல்ல மூளை வேண்டும். இதைத்தான் விஞ்ஞானம் கூறுகிறது.

கண் ஒரு வாசல். அதன் வழியே நுழையும் ஒளி, விழித்திரையில் மின்துடிப்பாக மாறுகிறது. ஒவ்வொரு கண்ணிலிருந்தும் சுமார் 10 லட்சம் நரம்பு இழைகள் அதைச் சுமந்து செல்கின்றன. போய்ச் சேரும் இடம், தலையின் பின்பக்க மூளை. அங்கிருந்து வடிவம், நிறம், அசைவு, முகம் என்று வேலை பிரிகிறது. எல்லாம் சேர்ந்தால்தான் காட்சி.

மூளை ஊகமும் செய்கிறது. கல்வெட்டு ஒன்றின் படத்தைத் தலைகீழாகத் திருப்பினால், செதுக்கிய எழுத்துக்கள் புடைத்து நிற்பதுபோல் தோன்றுவதுண்டு. என்ன காரணம்? வெளிச்சம் எப்போதும் மேலிருந்தே வரும் என்று மூளை எண்ணிக்கொள்கிறது. நிழலை வைத்து மேடு பள்ளத்தை மூளை எப்படிக் கணிக்கிறது என்பதை ஆராய்ந்து 1988-ல் வெளியிட்டவர், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த தமிழர் வி. எஸ். ராமச்சந்திரன்.

இந்த வித்தை பிறவியிலேயே முழுமையாக வந்துவிடுவதில்லை. குழந்தை நடக்கப் பழகுவதுபோல், மூளை பார்க்கவும் பழக வேண்டும்.

ஹ்யூபெல், வீசல் என்ற இரு விஞ்ஞானிகள் 1960-களில் பூனைக்குட்டிகளை வைத்து ஆராய்ந்தார்கள். பிறந்த சில மாதங்கள் ஒரு கண்ணை மூடி வைத்தார்கள். பிறகு திறந்தபோது, கண்ணில் பெரிய பழுது ஒன்றும் இல்லை. ஆனால், மூளை அந்தக் கண்ணை ஏறக்குறைய மறந்தே விட்டது! 1981-ல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

மனிதக் குழந்தைக்கும் இதே கதிதான். பிறவிப் புரையோ, மாறுகண்ணோ இருந்தால், அந்தக் கண் அனுப்பும் செய்தியை மூளை ஒதுக்கத் தொடங்கும். 'மாறுகண் அதிர்ஷ்டம்' என்றும், 'வளர்ந்தால் சரியாகிவிடும்' என்றும் சொல்லிக் காலம் கடத்துவது குழந்தைக்குச் செய்யும் துரோகம். சிறு வயதிலேயே காட்டினால் கண்ணாடி போடலாம். நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடி வைத்து, சோம்பல் கண்ணை வேலை வாங்கலாம். புரை என்றால் ஆபரேஷன் உண்டு.

வயது கடந்துவிட்டால் கைவிட்டுவிடுவதா? கூடாது! அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் பணிபுரியும் இந்திய விஞ்ஞானி பவன் சின்ஹா, 'பிரகாஷ்' என்ற திட்டத்தைத் தொடங்கினார். பார்வையில்லாத இந்தியச் சிறுவர்களுக்கு டில்லியில் சிகிச்சை அளிக்கப்பட்டது. 8 வயது முதல் 17 வயது வரையுள்ள ஐவரிடம் நடந்த சோதனை 2011-ல் வெளியாயிற்று. பார்வை வந்த உடனே, கையால் தொட்டு அறிந்த பொருளைக் கண்ணால் கண்டுபிடிக்க அவர்களால் இயலவில்லை. சில நாட்களோ வாரங்களோ பழகியபின், மீண்டும் சோதிக்கப்பட்டவர்கள் சரியாகச் சொன்னார்கள்! கூர்மையான பார்வை முழுதும் வரவில்லை. ஆனால், மூளை கற்பதை நிறுத்திவிடவில்லை.

ஆகவே, சீக்கிரம் காட்டுவது சிறப்பு. தாமதித்தாலும் காட்டுவது கடமை.

பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் குழந்தைகளைப் பரிசோதிக்க 2013 முதல் மத்திய அரசின் திட்டம் இருக்கிறது. 1819-ல் தோன்றிய எழும்பூர் அரசு கண் ஆஸ்பத்திரி இருக்கிறது. இல்லாதது பெற்றோரின் அவசரம் ஒன்றுதான். கண்மணியில் வெள்ளை தெரிகிறதா? தாயின் முகத்தைக் குழந்தை நோக்கவில்லையா? நல்ல நாள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அன்றைக்கே டாக்டரிடம் தூக்கிச் செல்ல வேண்டும்.

ஆழ்வாருக்குக் காலில் கண் கிடைத்தது கதை. குழந்தைக்கு இருக்கும் இரு கண்களைக் காப்பது பெற்றோரின் கையில் இருக்கிறது.