பன்னிரண்டு சொல் சாவி

கிரிப்டோ பணத்தைக் காப்பது பாஸ்வேர்டு அல்ல. அதைப் பலர் தாமதமாகவே உணர்கிறார்கள்.

புனே மாவட்டம் ரஞ்சன்காவ் மகாகணபதி கோயிலில் பக்தர்கள் வணங்கும் சிலை மூல விக்கிரகம் அல்ல என்றொரு நம்பிக்கை உண்டு. பத்துத் துதிக்கைகளும் இருபது கைகளும் கொண்ட மூலவர், படையெடுப்புக்கு அஞ்சி நிலவறையில் மறைத்து வைக்கப்பட்டாராம். கிரிப்டோ பணத்தின் ஏற்பாடும் ஏறக்குறைய இதுதான். ஊர் பார்ப்பது முகவரியை மட்டும். பணத்தை நகர்த்தும் சக்தி மறைவிலுள்ள சாவிக்கே.

பிரவுசரில் சேர்த்துக்கொள்ளும் 'வாலட் எக்ஸ்டென்ஷன்' முதல் நாளில் வழக்கமாகப் பன்னிரண்டு சொற்களைத் தருகிறது. 2013இல் வகுக்கப்பட்ட முறைப்படி, 2,048 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து அவை பொறுக்கப்படுகின்றன. எல்லாச் சாவிகளும் பிறப்பது இவற்றிலிருந்துதான். பயனர் வைக்கும் பாஸ்வேர்டு, அந்தக் கம்ப்யூட்டரில் உள்ள சாவிக்குப் போட்ட பூட்டு மட்டுமே. பாஸ்வேர்டு மறந்தால் சொற்களைக் கொண்டு மீளலாம். சொற்கள் பிறர் கையில் சிக்கினால் அவர்களுக்குப் பாஸ்வேர்டே தேவையில்லை.

எக்ஸ்டென்ஷன் இந்த ரகசியத்தைச் சங்கேதமாக்கியே சேமிக்கிறது. ஆனாலும் கசிவு வேறு வழியில் வரலாம். 2022 ஜூனில் ஹால்போர்ன் என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட தகவல் இதற்குச் சான்று. மூடிய பக்கத்தை மீண்டும் திறந்து தருவதற்காக, கட்டங்களில் எழுதியவற்றைப் பிரவுசர் வட்டில் பதிந்துகொள்ளும். மெட்டாமாஸ்க் உள்ளிட்ட சில வாலட்களில் பயனர் உள்ளிட்ட சொற்களும் அப்படியே, சங்கேதமின்றிப் பதிவாக வாய்ப்பிருந்தது. மெட்டாமாஸ்க் தனது 10.11.3 பதிப்பில் இதைச் சரிசெய்தது. பூட்டு உறுதியாகத்தான் இருந்தது. சாவியின் அச்சு வாசலில் கிடந்தது.

சாவியை யாரிடம் தருகிறோம் என்பது அடுத்த கேள்வி. மாதம் 10 சதவீத லாபம் என்று ஆசை காட்டிய 'கெயின்பிட்காயின்' திட்டத்தை 2018இல் புனே போலீஸ் விசாரித்தது. உதவிக்கு இரு சைபர் நிபுணர்கள் அழைக்கப்பட்டனர். 2022 மார்ச்சில் அவர்களையே போலீஸ் கைது செய்தது. குற்றம் சாட்டப்பட்டவர்களின் வாலட்களிலிருந்து ஒரு பகுதியைத் தமக்கு மாற்றிக்கொண்டதாகவும், இருப்பைக் குறைத்துக் காட்டத் திரைப் படங்களைத் திருத்தியதாகவும் குற்றச்சாட்டு. அதே மாதம் உச்ச நீதிமன்றம், வாலட்டின் பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் அமலாக்கத் துறையிடம் தருமாறு குற்றம் சாட்டப்பட்ட ஒருவருக்கு உத்தரவிட்டது. வங்கிக் கணக்கு என்றால் மேலாளருக்கு ஓர் ஆணை போதும். இங்கே மேலாளரே இல்லை. சாவி உள்ளவரிடம்தான் சட்டமும் கேட்டு நிற்க வேண்டும்.

சாமானியர் செய்யக்கூடியது எளிது. சொற்களைக் காகிதத்தில் எழுதி, பத்திரமான இரண்டு இடங்களில் வைக்கலாம். செல்போனில் படமெடுப்பது, மின்னஞ்சலில் சேமிப்பது இரண்டும் கூடாது. பெருந்தொகை என்றால், சாவியைக் கம்ப்யூட்டருக்கு வெளியே வைத்திருக்கும் ஹார்டுவேர் வாலட் நல்லது. 'சரிபார்க்கச் சொற்களைத் தாருங்கள்' என்று யார் கேட்டாலும் அது திருட்டு முயற்சியே.

சொற்கள் வெளியே போய்விட்டதாகச் சந்தேகம் எழுந்தால் பாஸ்வேர்டை மாற்றிப் பயனில்லை. பாதுகாப்பான வேறொரு கருவியில், புதிய சொற்களுடன் புதிய வாலட் திறந்து, பணத்தை உடனே அங்கே மாற்ற வேண்டும். திருடனுக்கும் அதே சாவி இருக்கும்போது, முந்துபவருக்கே பணம்.