புதுக் கெர்னல், பழைய வரி

போன வாரம் பாயான் பாரு சந்தைக்குப் பக்கத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் அடுக்குமாடியைச் சேர்ந்த தம்பி ஒருவர் மடிக்கணினியோடு வந்து உட்கார்ந்தார். பகலில் தொழிற்பேட்டையில் வேலை, இரவில் பகுதிநேரப் படிப்பு. வெள்ளிக்கிழமைக்குள் இறுதியாண்டுத் திட்டப்பணியை ஒப்படைக்க வேண்டும்.

“அண்ணே, உபுண்டுவை 20.04-லிருந்து 22.04-க்கு மாற்றினேன். அன்றையிலிருந்து ஆமையா நகருது. புதுசு வாங்கிடலாமா? ரெண்டாயிரத்து ஐந்நூறு வெள்ளி சொல்றாங்க.”

வாங்குவதற்கு முன் புராசஸர் என்ன வேகத்தில் ஓடுகிறது என்று பார்த்துவிடலாம் என்றேன். ‘சிபியுபவர்’ என்ற கருவியில் பார்த்தால், எவ்வளவு வேலை கொடுத்தாலும் எல்லாக் கோர்களும் 800 மெகாஹெர்ட்ஸிலேயே நின்றன. சூடு காரணமா? விசிறி சத்தமே இல்லை. சில மடிக்கணினிகள் சார்ஜரை அடையாளம் காணாவிட்டாலும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதைக் கழற்றியும் பார்த்தோம், மாற்றமில்லை.

அடுத்தது, எனக்கு மிகவும் பிடித்த சோதனை. கணினியைத் திரும்பத் தொடங்கி, ‘குரூப்’ பட்டியலில் மேம்பட்ட தேர்வுகளுக்குள் போய்ப் பழைய 5.4 கெர்னலைத் தேர்ந்தெடுத்தோம். வேகம் திரும்பி வந்தது! அப்படியானால் வன்பொருளில் கோளாறு இல்லை. 5.4-க்கும் 22.04-உடன் வந்த 5.15-க்கும் இடையில்தான் எதோ மாறியிருக்கிறது.

தம்பியின் கணினியில் இருப்பது இன்டெல் நான்காம் தலைமுறை புராசஸர். (இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே முதல் தொழிற்சாலையைத் திறந்தது 1972-இல், இங்கே பக்கத்துப் பாயான் லெப்பாஸில்தான்.) வேகத்தை ஏற்றி இறக்கும் கொள்கையை லினக்ஸில் ‘கவர்னர்’ என்பார்கள். இன்டெல்லுக்கான ‘பி-ஸ்டேட்’ டிரைவர் ஆக்டிவ் முறையில் ஓடும்போது, ‘பவர்சேவ்’ கவர்னர் பெயருக்குத்தான் சிக்கனம். வேலை வந்தால் வேகத்தைக் கூட்டிவிடும். 2020-இல் வந்த 5.7 கெர்னலிலிருந்து, தன் வேகத்தைத் தானே கட்டுப்படுத்தும் ‘எச்டபிள்யூபி’ வசதி இல்லாத பழைய புராசஸர்களுக்கு பேஸிவ் முறையே இயல்பானது. அங்கே ‘பவர்சேவ்’ என்றால் சொன்ன சொல் தப்பாது: ஆகக் குறைந்த வேகம், அவ்வளவுதான்.

“பவர்சேவ் என்று எங்காவது எழுதி வைத்தீர்களா தம்பி?” கொஞ்சம் யோசித்தார். பேட்டரி நீடிக்கட்டும் என்று மூன்று வருடத்துக்கு முன் ஓர் அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்தாராம். மேம்படுத்தல் அந்த வரியைத் தொடவே இல்லை. அதை ‘ஷெட்யூட்டில்’ என்று மாற்றி, புதிய கெர்னலிலேயே தொடங்கினோம். வேலை கொடுத்ததும் 2.6 கிகாஹெர்ட்ஸ்.

ஆறாம் தலைமுறையும் அதற்குப் பின்னும் வந்த இன்டெல் புராசஸர்களில் பெரும்பாலும் எச்டபிள்யூபி இருக்கிறது. இந்தச் சிக்கல் அவர்களை அவ்வளவாகத் தொடாது. ஏஎம்டி வைத்திருப்பவர்களுக்கு 2022-இல் 5.17 கெர்னலோடு தனி பி-ஸ்டேட் டிரைவர் வந்தது. மேம்படுத்திய பிறகு வேகம் விழுந்தால் அவர்களும் முதலில் டிரைவர் பெயரையும் கவர்னர் பெயரையும் பார்க்கட்டும். புதிய கெர்னல் ஒரு வாரமாவது ஒழுங்காக ஓடும் வரை பழையதை நீக்க வேண்டாம்.