தோட்டப் பள்ளிக்கூடம் யாருக்கு வேண்டாம்?



காலை ஆறு மணிக்கு முன்பே மேல் டிவிசன் சந்தியில் வேன் ஹோர்ன் கேட்கிறது. டவுன் பாடசாலைக்குப் போகும் பிள்ளைகள் ஏறுகிறார்கள். ஒரு மணித்தியாலம் கழித்து அதே பாதையில் நமது தோட்டப் பாடசாலைப் பிள்ளைகள் நடந்து வருகிறார்கள். இரண்டு கூட்டமும் ஒரே லயத்துப் பிள்ளைகள்தான். சில வீடுகளில் அண்ணன் வேனில் போகிறான், தங்கச்சி நடந்து வருகிறாள்.

தரம் 6க்குப் பிள்ளைகளைச் சேர்க்கும் காலம் வந்தால் தோட்டம் இரண்டுபடுகிறது. "அந்த ஸ்கூல்ல போட்டா புள்ள உருப்படுமா?" என்கிறது ஒரு பக்கம். "நம்ம ஸ்கூல நாமளே கொறை சொன்னா வேற யாரு மதிப்பா?" என்கிறது மறு பக்கம். பெரட்டுக்களத்திலும் கொழுந்து நிறுக்கும் இடத்திலும் இதே பேச்சு. இந்த வருடம் பேச்சு சூடாகியிருப்பதற்குக் காரணம் உண்டு. நமது பாடசாலையில் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், தரம் 10, 11 வகுப்புகளை வேறு பாடசாலையோடு சேர்த்துவிடலாம் என்று ஒரு கதை அடிபடுகிறது. எழுத்தில் இன்னும் ஒன்றும் வரவில்லை. நமது விசயங்கள் எழுத்தில் வரும்போது எல்லாம் முடிந்திருக்கும் என்பது நமக்குத் தெரியும். ஆகவே இப்போதே பேசுவோம்.

முதலில் பெற்றோர் சொல்வதை மரியாதையாகக் கேட்போம். கணிதத்துக்கு இரண்டு தவணையாக நிரந்தர ஆசிரியர் இல்லை என்கிறார்கள். அது உண்மை. விஞ்ஞானப் பாடத்தில் பரிசோதனை என்றால் கரும்பலகையில் படம் வரைந்து முடித்துவிடுகிறார்கள் என்கிறார்கள். அதுவும் உண்மை. மலையில் பத்து வருடம் கொழுந்து பறித்த ஒரு அக்கா எங்களிடம் நேராகவே சொன்னார்: "என் மக சாதாரண தரம் பாஸ் பண்ணாட்டி அவளும் கூடையத் தூக்கணும். ஒங்க ஸ்கூல் நல்லா வர்ற வரைக்கும் என் மக காத்துக்கிட்டு இருப்பாளா?" இதற்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை. மாதத்தில் நாலைந்து நாள் உழைப்பை வேனுக்கே கொடுக்கும் தாயைப் பார்த்து, "தோட்டத்தை மதிக்காதவள்" என்று யாரும் சொல்லக்கூடாது.

வயதான தாத்தாமார் வேறு மாதிரிப் பேசுகிறார்கள். ஒரே ஒரு ஆசிரியர், ஒரே ஒரு அறை, ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது என்ற காலத்தைப் பார்த்தவர்கள் அவர்கள். மாடிக் கட்டிடமும் தரம் 11 வகுப்பும் அவர்களுக்குப் பெரிய விசயம். "கெடைச்சத விட்டுட்டு எங்க ஓடுறீங்க?" என்று கேட்கிறார்கள்.

பிள்ளைகள் என்ன சொல்கிறார்கள்? அதை யாரும் கேட்பதில்லை. நாங்கள் கேட்டோம். நமது பாடசாலையில் இருக்கும் ஒரு பையன் சொன்னான்: "இங்க சேர்மாருக்கு எங்க வீடு தெரியும் சேர். நான் ரெண்டு நாள் வரலன்னா ஆள் அனுப்புறாங்க." மாணவத் தலைவியாக இருக்கும் ஒரு பிள்ளைக்குப் பாடசாலை மேல் உயிர். மேடையில் முதன்முதலாகப் பேசியது இங்கேதான் என்றாள். ஆனால் அதே பிள்ளை, மலசலகூடத்துக் கதவு சரியில்லாததால் பகல் முழுக்கத் தண்ணீர் குடிப்பதில்லை என்றும் சொன்னாள். அதைக் கேட்டபோது ஆசிரியர்களாகிய எங்களுக்குத் தலை குனிந்தது. பெற்றோர் கூட்டத்தில் ஒரு நாளும் வராத முறைப்பாடு அது.

டவுனுக்குப் போகும் பிள்ளைகளும் ஒரே குரலில் பேசவில்லை. ஆய்வுகூடம் இருக்கிறது, ஆங்கில டீச்சர் இருக்கிறார், போட்டிகளுக்குக் கூட்டிப் போகிறார்கள் என்று சிலருக்குச் சந்தோசம். வேறு ஒரு பையன், "லயத்துல இருந்து வர்றேன்னு சொல்ல மாட்டேன் சேர், டவுனுக்குக் கிட்டன்னு சொல்லுவேன்" என்றான். வீட்டுக்கு வந்து சேரும்போது மணி நாலரை. டியூசன் நாட்களில் இருட்டிவிடும். தன் பிள்ளை தன் முகவரியை மறைக்கிறான் என்பது அவன் அப்பாவுக்குத் தெரியாது. வேன் காசு கட்டினால் போதும் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

இப்போது எங்கள் குற்றத்தையும் சொல்லிவிடுகிறோம். தோட்டப் பாடசாலை ஆசிரியர்களில் எத்தனை பேரின் பிள்ளைகள் தோட்டப் பாடசாலையில் படிக்கிறார்கள்? அந்த வேனில் எங்கள் பிள்ளைகளும் ஏறுகிறார்கள். இதை மறைத்துக்கொண்டு, "நம்ம ஸ்கூல விட்டுப் போகாதீங்க" என்று தொழிலாளிக்குப் புத்தி சொல்ல எங்களுக்கு வாய் இல்லை. கல்வி அதிகாரிகளின் பிள்ளைகளையும் நமது தலைவர்மாரின் பிள்ளைகளையும் கணக்கில் எடுத்தால் கதை இன்னும் நீளும்.

ஆகவே யார் சொல்வது சரி என்று சண்டை பிடிப்பது வீண். எல்லோரும் தாங்கள் கண்டதைத்தான் சொல்கிறார்கள். ஒரு பாடசாலையைப் பற்றி இத்தனை கருத்து இருப்பது தவறும் அல்ல. தவறு எங்கே என்றால், இந்தக் கருத்து வேறுபாட்டை வேறு ஒருவர் தமக்கு வசதியாகப் பயன்படுத்துவதில்தான்.

அது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். ஒரு பாடசாலைக்கு எத்தனை ஆசிரியர் என்பது பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்துத்தான் தீர்மானிக்கப்படுகிறது. கணித ஆசிரியர் இல்லை என்று பத்துப் பிள்ளைகள் போகிறார்கள். பிள்ளைகள் குறைந்ததால் ஆசிரியர் மேலதிகம் என்று சொல்லி இன்னொருவருக்கு இடமாற்றம் வருகிறது. அதைப் பார்த்து இன்னும் இருபது பிள்ளைகள் போகிறார்கள். கடைசியில் அதிகாரி வந்து, "பெற்றோருக்கே இந்தப் பாடசாலை வேண்டாமே, நாங்கள் என்ன செய்வது?" என்று கையை விரிக்கிறார். கொழுந்து பறிக்க ஆள் போடாமல் மலையைக் காடாக்கிவிட்டு, இந்த மலையில் விளைச்சல் இல்லை, மூடுவோம் என்று கம்பனிக்காரர் சொல்வதைக் கேட்டிருக்கிறோம் அல்லவா? இதுவும் அதே கணக்குதான்.

மேல் வகுப்புகள் போனால் யார் பாதிக்கப்படுவார்கள்? வேனுக்குக் காசு உள்ள வீடு எப்படியும் சமாளிக்கும். தகப்பன் இல்லாத வீடு, தாய் வெளிநாட்டில் வேலை செய்யும் வீடு, மூன்று பிள்ளைகள் உள்ள வீடு, இவைதான் மாட்டிக்கொள்ளும். அதிலும் முதலில் நிற்பது பொம்பளைப் பிள்ளை. தரம் 9 முடித்த பிள்ளையைத் தூரத்துக்கு அனுப்பப் பயந்து தம்பி தங்கச்சியைப் பார்க்க வீட்டில் நிறுத்துவார்கள். அடுத்த வருடம் கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்கோ கடைக்கோ போகும். இந்த நாட்டில் கட்டாயக் கல்வி வயது 14 ஆக இருந்தது 2016இல் 16 ஆக உயர்த்தப்பட்டது. 16 வயது வரை பிள்ளை பாடசாலையில் இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டு, நடந்து போகும் தூரத்தில் இருக்கும் வகுப்பை மூடினால் சட்டத்தை மீறுவது யார்? நடவடிக்கை என்று வந்தால் பெற்றோர் மேல்தான் வரும்.

நமக்கு இது புதிய அனுபவம் அல்ல. வெள்ளைக்காரன் காலத்திலேயே 1907ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்குப் படிப்பு கொடுக்கும் பொறுப்பைத் துரைமார் மீது சுமத்தியது. கடுதாசியில் பொறுப்பு இருந்தது, தோட்டத்தில் ஒரு கொட்டில் இருந்தது. 1945இல் கன்னங்கரா அவர்களின் காலத்தில் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் வெளியே நின்றன. 1960, 61இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோதும் நாம் வெளியேதான். தோட்டங்கள் அரசுடைமையான பிறகு, 1970களின் பிற்பகுதியிலிருந்துதான் நமது பாடசாலைகள் படிப்படியாக அரசாங்கத்தின் கைக்கு வந்தன. நாடு முழுக்க இலவசமாகப் படித்த முப்பது வருடத்தை நாம் வெளியே நின்று பார்த்தோம். தாத்தாமார் இந்தக் கட்டிடத்தைப் பெரிதாக நினைப்பது அதனால்தான்.

பிறகு ஆசிரியர் பிரச்சினைக்கு என்ன செய்தார்கள்? நமது படித்த பிள்ளைகளை 'ஆசிரியர் உதவியாளர்' என்ற பெயரில் நியமித்து, மாதம் 6,000 ரூபாயும் பின்பு 10,000 ரூபாயும் கொடுத்துவிட்டு, முழு ஆசிரியரின் வேலையை வாங்கினார்கள். அந்தக் காசில் பஸ்ஸுக்கும் காணாமல் அவர்கள் வகுப்பெடுத்தார்கள். தோட்டத்துக்கு ஒரு விலை, மற்ற இடத்துக்கு ஒரு விலை என்பது நாட்சம்பளத்தில் மட்டும் இல்லை.

இன்னொரு பேச்சையும் இங்கே முடித்துவிட வேண்டும். "தோட்டப் பெற்றோருக்கு அக்கறை இல்லை, கூட்டத்துக்குக் கூட வருவதில்லை" என்ற பேச்சு. இதை ஆசிரியர் அறையில் எங்களில் பலர் சொல்கிறோம். கூட்டம் எத்தனை மணிக்கு? கிழமை நாளில், காலை பத்து மணிக்கு. அந்த நேரத்தில் தாய் எங்கே இருப்பாள்? மலையில். கூட்டத்துக்கு வந்தால் பேர் இல்லை. அரை நாள் கேட்டால் கணக்கப்பிள்ளை முகத்தைச் சுளிப்பார். நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆக வருடக்கணக்கில் போராடி 2021இல்தான் பெற்றோம். அப்படி வாங்கிய ஒரு நாள் சம்பளத்தைக் கொடுத்துவிட்டு, வாங்கில் கடைசியில் உட்கார்ந்து, பிள்ளையைப் பற்றி நாலு ஏச்சு வாங்கிக்கொண்டு போக யார் வருவார்கள்? கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வைத்துப் பாருங்கள், பிறகு அக்கறையைப் பற்றிப் பேசுவோம்.

தோட்ட நிர்வாகமும் தப்பிக்க முடியாது. பாடசாலை அரசாங்கத்துடையது, எங்களுக்குச் சம்பந்தம் இல்லை என்கிறார்கள். பாதை தோட்டத்துடையது. மழைக்காலத்தில் அந்தப் பாதையில் லொறி கொழுந்து ஏற்ற முடிந்தால்தான் செப்பனிடுவார்கள். பிள்ளை வழுக்கி விழுந்தால் செப்பனிட மாட்டார்கள்.

ஆகவே நமது சங்கம் இந்த விசயத்தைக் கையில் எடுக்க வேண்டும் என்கிறோம். படிப்பு பெற்றோரின் தனிக் காரியம், சங்கத்துக்குச் சம்பளமும் பேரும் மட்டும் என்று இருந்த காலம் போதும். வேன் காசு சம்பளத்தில் இருந்துதான் போகிறது. நாம் போராடி வாங்கிய சம்பள உயர்வு, பாடசாலை சரியில்லாத காரணத்தால் வேன் சக்கரத்தில் கரைகிறது. இது சங்கப் பிரச்சினை இல்லையென்றால் எது?

நாம் கேட்பது பெரிய விசயங்கள் அல்ல.

ஒன்று, தரம் 10, 11 வகுப்புகளை மூடவோ சேர்க்கவோ முன்பு பெற்றோரை எழுத்து மூலம் கேட்க வேண்டும்.

இரண்டு, கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் ஆகிய பாடங்களுக்கு நிரந்தர ஆசிரியர் வர வேண்டும். வந்தவர் ஒரு வருடத்தில் இடமாற்றம் எடுத்துப் போனால், பதிலுக்கு ஆள் வந்த பிறகே விட வேண்டும்.

மூன்று, பொம்பளைப் பிள்ளைகளின் மலசலகூடத்துக்குக் கதவும் தண்ணீரும் இந்தத் தவணைக்குள் வேண்டும். இதற்கு அமைச்சர் வந்து அடிக்கல் நாட்டத் தேவையில்லை.

நான்கு, பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டம் ஞாயிற்றுக்கிழமையில் அல்லது கொழுந்து நிறுத்த பிறகு நடக்க வேண்டும். கிழமை நாளில்தான் முடியும் என்றால், வரும் பெற்றோருக்குத் தோட்டம் பேர் போட வேண்டும்.

ஐந்து, உயர்தரத்துக்கு டவுனுக்குப் போகத்தான் வேண்டியிருக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்கு 'சிசு செரிய' பஸ் நமது பாதையிலும் ஓட வேண்டும்.

பெற்றோரே, டவுனுக்கு அனுப்புவது உங்கள் உரிமை. அனுப்பியவர்களும் இந்தக் கோரிக்கையில் கையெழுத்துப் போடுங்கள். உங்கள் தங்கச்சியின் பிள்ளையும் பக்கத்துக் காம்பராப் பிள்ளையும் இங்கேதான் படிக்கிறார்கள். குறை சொல்லுங்கள், ஆனால் பீலிக்கரையில் சொல்லி முடிக்காமல், கடுதாசியில் எழுதிக் கையெழுத்தோடு கொடுங்கள். பீலிக்கரைப் பேச்சுக்கு எந்த அதிகாரியும் பதில் சொல்ல மாட்டார்.

ஆசிரியத் தோழர்களே, நாமும் இந்த லயங்களில் இருந்து படித்து வந்தவர்கள்தான். பெற்றோர் நம்மைக் கேள்வி கேட்டால் கோபப்பட வேண்டாம். இடமாற்றத்துக்கு நாம் எழுதும் கடிதங்களில் பாதி அளவு, இல்லாத ஆசிரியருக்காகவும் எழுதுவோம். எங்களில் சிலர் இந்தத் தவணை முதல் சனிக்கிழமை காலையில் தரம் 10, 11க்கு இலவசக் கணித வகுப்பு நடத்த முன்வந்திருக்கிறோம். அதைக் காரணம் காட்டி, "சமாளிக்கிறார்கள்தானே, ஆசிரியர் எதற்கு?" என்று யாராவது சொன்னால் அன்றே வெளியில் சொல்வோம்.

வரும் ஞாயிறு மாலை நாலு மணிக்குக் கோயில் மண்டபத்தில் கூடுவோம். லயத்துக்கு ஒரு பெற்றோர், ஒரு பிள்ளை என்று வர வேண்டும். பிள்ளைகளைக் கூட்டி வாருங்கள், அவர்கள் முதலில் பேசட்டும். தண்ணீர் குடிக்காமல் இருக்கும் அந்தப் பிள்ளையும் பேசுவதாகச் சொல்லியிருக்கிறாள். எந்தச் சங்கத்துக்குச் சந்தா கட்டுபவராக இருந்தாலும் வரலாம். பாடசாலை ஒன்றுதான் இருக்கிறது.