பிள்ளைக்குக் கட்டளை, அரசுக்குச் சலுகையா?

முதியோர் இல்லம் என்றதும் மேடையேறியவர்கள் எல்லாம் பிள்ளைகளைத் திட்டத் தொடங்கிவிடுகிறார்கள். பெற்றவளைக் கைவிட்ட பாவி என்கிறார்கள். தாராவியில் பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் படுக்கும் குடும்பம், நெல்லைச் சீமையில் தனியே கிடக்கும் தாயை எங்கே கொண்டுவந்து படுக்க வைக்கும்? இதை அவர்கள் கேட்பதில்லை. ஊரில் பிழைப்பில்லாமல் செய்து நம்மை ரயிலேற்றி விட்டவர்கள் நமக்கே பாசத்தைப் பற்றிப் பாடம் நடத்துகிறார்கள்!

2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தைப் பாருங்கள். பராமரிக்கும் பொறுப்பில் உள்ளவர் முதியவரை அடியோடு கைவிட்டுப் போனால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இது 24-ஆம் பிரிவு. இருக்கட்டும். 19-ஆம் பிரிவு என்ன சொல்கிறது? ஏழை முதியோர் 150 பேராவது தங்கும் இல்லம் ஒன்றை மாவட்டந்தோறும் மாநில அரசு ‘அமைக்கலாம்’. இல்லங்களின் தரத்தை ‘வகுக்கலாம்’. பிள்ளைக்குக் கட்டளை, அரசுக்கு ‘லாம்’!

இந்த இரண்டெழுத்தில்தான் நம் முதியவர்களின் உயிர் தொங்குகிறது.

படுத்த படுக்கையானவரை இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். இரவில் கழிப்பறைக்குக் கைபிடித்துக் கூட்டிப் போக ஆளில்லாவிட்டால் விழுவார். அந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தவர்களில் பலர் மறுபடி பழையபடி நடப்பதில்லை. மும்பையிலோ தில்லியிலோ, வலிக்கிறது என்று தமிழில் சொன்னால் புரிந்துகொள்ள ஆளில்லாத இல்லத்தில் அந்தக் கிழவியின் கதி என்ன? புரட்டவும் பிடிக்கவும் கேட்கவும் ஆள் வேண்டும். ஆளுக்குக் கூலி வேண்டும். அந்தக் கூலியை மிச்சம் பிடிக்க நினைக்கும் முதலாளி, முப்பது பேருக்கு ஒரே ஆயாவை இரவில் நிறுத்தினால் தட்டிக் கேட்பவர் யார்? அந்த ஆயாவும் நம்மைப் போல் பிழைக்க வந்தவள்தான். ஏதாவது நடந்தால் பழி அவள் தலையில். லாபம் வேறொருவர் பையில்.

பணம் இருந்தால் தப்பிக்கலாம் என்று எண்ண வேண்டாம். 2023 சனவரி 1 விடியற்காலையில், தில்லியின் வசதியான கிரேட்டர் கைலாஷ் பகுதியில் முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்று தீப்பிடித்து இரண்டு மூதாட்டிகள் மாண்டனர். அங்கேயே அப்படி என்றால், சந்துக்குள் தகரக் கூரையின் கீழ் நடக்கும் இல்லத்தில் எழுந்து ஓட முடியாதவரை யார் தூக்கி வெளியேற்றுவார்?

எல்லா இல்லங்களும் பதிவு செய்யப்பட வேண்டும், குறைந்தபட்சத் தரம் வேண்டும் என்ற திருத்த மசோதா 2019 டிசம்பரில் மக்களவைக்கு வந்தது. 2024-இல் அந்த மக்களவை கலைந்தது; மசோதாவும் காலாவதியானது. நான்கு ஆண்டுகளுக்கு மேல் கிடைத்தும் நம் கிழவர்களுக்காக ஒரு நாள் ஒதுக்க அவர்களுக்கு மனமில்லை!

நாம் கேட்பது தர்மமல்ல, உரிமை. பதிவில்லாமல் எந்த இல்லமும் நடக்கக் கூடாது. இத்தனை முதியவருக்கு இத்தனை இரவுப் பணியாளர் என்று விதி வேண்டும்; அவர்களுக்கு நியாயமான ஊதியம் வேண்டும். சொல்லாமல் வந்து சோதிக்கும் அதிகாரி வேண்டும்.

பெற்றோரை இல்லத்தில் விட்டிருப்பவர்களே, கூசி ஒதுங்காதீர்கள். சொல்லாமல் போய் நில்லுங்கள். முதுகைத் திருப்பிப் பாருங்கள். இரவில் யார் இருக்கிறார்கள், தீப்பிடித்தால் எந்த வழி என்று கேளுங்கள். வாக்குக் கேட்டு வருபவரிடமும் கேளுங்கள்: உங்கள் ‘லாம்’ எப்போது ‘வேண்டும்’ ஆகும்?