ஆட்டுவித்தோர் எங்கே?

ஏழாயிரம்பண்ணைப் பக்கத்தில் ஒரு பள்ளி. தீப்பெட்டியும் பட்டாசும் சோறு போடும் சீமை. ஆண்டு விழாவுக்காகப் பிள்ளைகளுக்கு ஆடல் பயிற்சி நடக்கிறது. பயிற்றுவிக்கச் சிவகாசியிலிருந்து ஓர் இளைஞர் வருகிறார். பகலில் அச்சகத்தில் தாள் வெட்டும் வேலை. மாலையில் ஆடல் ஆசிரியர். எங்கே கற்றீர் என்று கேட்டோம். "படம் பார்த்துக் கத்துக்கிட்டதுதான் சார். கலியாண வீட்டு ஆட்டக் குழுவிலே அஞ்சு வருஷம் ஆடியிருக்கேன்" என்றார், ஒளிவு மறைவின்றி. விழாக் குழுவில் இருந்த பெரியவர் ஒருவர் முகம் சுளித்தார். "பரதம் தெய்வீகக் கலை. குருமுகமாகக் கற்ற, நல்ல குடும்பத்துப் பெண் யாரையாவது அழைத்திருக்கக் கூடாதா?" என்றார்.

தெய்வீகக் கலையாம்! நல்ல குடும்பமாம்! இவ்விரு சொற்களின் மடியில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுப் புரட்டு உறங்குகிறது, தோழர்களே! ஆசிரியரின் தகுதியைக் கேட்பது தவறன்று. எங்கே கற்றார், எத்தனை ஆண்டு ஆடினார், பிள்ளைகளின் உடல் நலம் அறிந்து பயிற்றுவிக்கிறாரா என்று கேட்கத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கேள்வியை அச்சகத் தொழிலாளியிடம் மட்டும் தொடுத்து நின்றுவிடுவானேன்? அடையாறு வரை அதைக் கொண்டு செல்வோம், வாருங்கள்.

1936ஆம் ஆண்டில் அடையாற்றில் தோன்றியது கலாக்ஷேத்திரம். தோற்றுவித்தவர் ருக்மிணி தேவி. பொறியாளர் நீலகண்ட சாஸ்திரியின் மகள்; பிரம்மஞான சபையின் நிழலில் வளர்ந்தவர். அவர் முதலில் கற்றது சதிர் அன்று, பாலே! 1920களின் இறுதியில் கப்பற் பயணத்தில் உருசிய நாட்டு ஆடலரசி அன்னா பாவ்லோவாவின் நட்பைப் பெற்றார். பாவ்லோவாவின் குழுவில் ஆடிய கிளியோ நோர்டியிடம் பாலே பயின்றார். உங்கள் நாட்டு ஆடலைத் தேடிப் பாருங்கள் என்று பாவ்லோவாதான் அறிவுரை கூறினார். இக்கதை ஆடல் உலகம் முழுதும் அறிந்தது. அறிவுரை கூறிய அந்தப் பாவ்லோவா யார் என்பதை மட்டும் விழா மேடைகளில் எவரும் விளக்குவதில்லை.

அரசகுமாரியா அவர்? சலவைத் தொழிலாளியின் மகள்! துணி வெளுத்துப் பிழைத்த தாய்க்கு 1881இல் பிறந்தவர். பத்து வயதில் பீட்டர்ஸ்பர்க் நகரின் அரசவை நாடகப் பள்ளியில் சேர்க்கப்பட்டார். உணவும் உடையும் உறைவிடமும் அரசின் செலவு. அந்தப் பள்ளியின் பிறப்பையும் பாருங்கள். 1738இல் லாந்தே என்னும் பிரெஞ்சு ஆடலாசிரியர் அதைத் தொடங்கியபோது, அவர் முன் வந்து நின்றவர்கள் அரண்மனை ஊழியரின் பிள்ளைகள்: சிறுவர் பன்னிருவர், சிறுமியர் பன்னிருவர். மாஸ்கோவின் பாலே வகுப்போ 1773இல் அநாதை இல்லத்தில் முளைத்தது. உலகம் வியக்கும் உருசிய பாலேக்கு வேர் விட்ட மண் இதுதான்!

அங்கே கற்பித்தவர்கள் யார்? பாவ்லோவாவுக்குக் கற்பித்த பாவெல் கெர்ட் அதே அரசவை மேடையில் நாயகனாக ஆடிப் புகழ்பெற்றவர். ஆடித் தேர்ந்தவர் ஆசிரியராவார், ஊதியம் பெறுவார், ஓய்வு பெற்றால் ஓய்வூதியமும் பெறுவார். பண்ணையடிமைகளை விலை கூறி விற்ற ஜார் ஆட்சிக்கு நாம் நற்சான்று வழங்கவில்லை. அந்தக் கொடுங்கோலனின் நாட்டில்கூட ஆடல் ஒரு தொழில், ஆடலாசிரியர் ஒரு தொழிலாளி என்னும் அளவுக்காவது தெளிவு இருந்தது என்கிறோம், அவ்வளவே.

இனி அடையாற்றுக்குத் திரும்புவோம். ருக்மிணி தேவிக்குச் சதிர் கற்பித்தவர் யார்? மயிலாப்பூர் கௌரி அம்மாள்; கபாலீசுவரர் கோயிலுக்குப் பொட்டுக் கட்டப்பட்டோர் மரபின் கடைசிக் கண்ணி. அடுத்து, பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, 1869இல் பிறந்தவர். சரபோசியின் தஞ்சை அவையில் விளங்கிய சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் நால்வரின் வழிவந்தவர். அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடியும் நிகழ்ச்சி வரிசையை ஒழுங்குபடுத்தித் தந்தவர்கள் அந்நால்வர். அடையாற்றுப் பள்ளியின் தொடக்க காலத்தில் கற்பித்தோர் பட்டியலில் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும், அவருடைய மருமகன் சொக்கலிங்கம் பிள்ளையும், காட்டுமன்னார்கோயில் முத்துக்குமார பிள்ளையும் இருந்தனர். எல்லாரும் நட்டுவனார்கள்! எல்லாரும் "நல்ல குடும்பங்கள்" திண்ணையில்கூட அமர்த்தத் தயங்கிய குலத்தவர்!

நட்டுவனாரின் தொழில் எத்தகையது என்று எண்ணிப் பாருங்கள். கையில் தட்டுக்கழி, வாயில் சொற்கட்டு, செவியில் சுருதி, கண்ணோ மாணவியின் அரைமண்டியில். முழங்கால் ஒரு விரற்கடை உயர்ந்தால் கழியின் ஓசை மாறும். பாடத் தெரிய வேண்டும். முழவின் கணக்குத் தெரிய வேண்டும். பதத்தின் பொருள் தெரிய வேண்டும். எந்தச் சிறுமியின் உடலுக்கு எந்த அடவு எப்போது பொருந்தும் என்பதும் தெரிய வேண்டும். பட்டம் தரும் பல்கலைக்கழகம் அவர்களுக்கு இல்லை. பத்து, பதினைந்து ஆண்டு வீட்டுத் திண்ணையில் வாங்கிய அடியும் அறிவுமே பட்டம்.

அவர்களுக்கு நேர்ந்தது என்ன? சதிர் என்னும் பெயர் போய், பரதநாட்டியம் என்னும் பெயர் நிலைத்தது. மேடையில் நடராசர் சிலை வந்து நின்றது. ஆடுபவரின் பின்னே நின்று, அவர் நகர நகரத் தாமும் நகர்ந்து முழக்கிய சின்னமேளக் குழு, மேடையின் ஓரத்தில் உட்கார வைக்கப்பட்டது. 1940களில் சொக்கலிங்கம் பிள்ளை விலகிச் சென்றார். நட்டுவாங்கத் தாளத்தை மாணவியர் கையில் எடுத்தனர். கற்பித்தவன் வெளியே, கற்பித்தது உள்ளே!

ஒன்றை நேர்மையோடு சொல்லிவிட வேண்டும். பிறப்பால் தமக்கு விதிக்கப்படாத தொழிலைத் துணிந்து கற்றதற்காக ருக்மிணி தேவியை நாம் குறைகூறோம். தன் வீட்டாரின் ஏச்சையும் ஊராரின் பேச்சையும் மீறினார், பாராட்டுகிறோம். தொழில் பிறப்போடு ஒட்டியதன்று என்பது நம் கொள்கை. நட்டுவனார் மகன்தான் நட்டுவனார் ஆகலாம் என்னும் பழைய ஏற்பாட்டுக்கும் நாம் வக்காலத்து வாங்கவில்லை. நம் வழக்கு வேறு. கதவு ஒரு பக்கமே திறந்தது என்பதுதான் வழக்கு. மேலே இருந்தவர் இறங்கிவந்து சதங்கையை எடுத்துக்கொள்ள வழி பிறந்தது. சதங்கை கட்டியிருந்தவர் மேலேறி ஆசிரியர் நாற்காலியில் மதிப்போடு அமர வழி பிறக்கவில்லை.

"தேவதாசி முறையை ஒழித்தவர்கள் நீங்கள்தாமே? அதனால்தானே அவர்கள் கலை அழிந்தது?" என்று நம்மையே மடக்க வருவோர் உண்டு. ஆம், ஒழிக்கத்தான் பாடுபட்டோம்! டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1930இல் சட்டமன்றத்தில் வைத்த முன்வரைவு, 1947இல்தான் சட்டமாயிற்று. இடையில் சத்தியமூர்த்தி போன்ற தேசியத் தலைவர்களே குறுக்கே நின்றனர். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார், அந்தக் குலத்தின் கண்ணீரை அறிந்தவர், ஊர் ஊராகச் சென்று பொட்டறுப்புக்குப் போராடினார். தாம் கண்ட கொடுமைகளை நாவலாக எழுதி அவர் வெளியிட்ட ஆண்டும் அதே 1936! நாம் ஒழித்தது சிறுமியைச் சிலைக்கு மணமுடித்துச் செல்வருக்கு விருந்தாக்கிய சூழ்ச்சியை. ஆடலை ஒழி என்று அந்தச் சட்டத்தின் பெயரே சொல்லவில்லை. பொட்டுக் கட்டுதலைத் தடுக்கும் சட்டம் அது. ஆடலை அவர்களிடமிருந்து பிரித்தது வேறொன்று. அதே அடவை வழக்கறிஞர் மகள் ஆடினால் கலை, அந்தக் குலத்து மகள் ஆடினால் இழிவு என்னும் சாதிக் கண்! மானமுள்ள தாய்மார் என் செய்வர்? மகள் காலிலிருந்து சதங்கையைக் கழற்றிப் பரணில் வைத்தனர். பரணிலிருந்ததைப் பிறர் எடுத்துப் பூசையறையில் வைத்துக்கொண்டு தெய்வீகம் என்கின்றனர்.

தெய்வீகம் ஆனதும் விலையும் ஏறியது. அரங்கேற்றம் என்றால் பட்டாடை, நகை, பக்க இசையாளர், மண்டப வாடகை, விருந்து என்று இலட்சங்கள் வேண்டும். ஆண்டவன் ஆட்டத்துக்கு ஆடிட்டர் கணக்கு! சென்ற வாரம் நம் பள்ளிக்கு ஒரு தாய் வந்தார். தீப்பெட்டி ஆலைத் தொழிலாளி. மகள் நன்றாக ஆடுகிறாள் என்று அந்த அச்சக இளைஞர் சொன்னாராம். முறையாகப் பரதம் படிக்க வைக்க என்ன ஆகும் என்று கேட்டார். நகரத்தில் வாங்கும் மாதக் கட்டணத்தைச் சொன்னோம். சரிங்க சார் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். விருதுநகரில் அரசு இசைப்பள்ளி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, பரதமும் கற்பிக்கிறது. சாத்தூர் போய்ப் பேருந்து மாறி, அங்கே போய்ப் படித்துவிட்டு இருட்டுமுன் ஊர் திரும்பச் சிறுமிக்குச் சிறகா முளைத்திருக்கிறது?

இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் ஆலையிலிருந்து பள்ளிக்கு வந்ததே நீண்ட போராட்டத்தின் பயன். சிவகாசிச் சிறுவர் உழைப்பைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்புரைக்க வேண்டியிருந்தது. பெட்டி ஒட்டிய விரல்களுக்கு எழுத்து கிடைத்துவிட்டது. முத்திரை பிடிக்க மட்டும் உரிமை இல்லையா?

முடியாததையா கேட்கிறோம்? ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றுக்கு 2012இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்களைத் தமிழக அரசு அமர்த்தியதே! 2022 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடத்தி ஆடற்போட்டிகளும் வைக்கிறதே! போட்டி வைப்பவர் பயிற்சியும் கொடுக்க வேண்டாமா? நட்டுவனார் வழிவந்தோருள் அத்தொழிலைக் கற்றவர், இசைப்பள்ளியில் தேறியவர், நம் சீமையில் தேவராட்டமும் ஒயிலாட்டமும் ஆடுவோர் எவராயினும் வரட்டும், தேர்வு வையுங்கள், தேறியவரை ஊதியத்தோடு அமர்த்துங்கள். பிரான்சில் 1989ஆம் ஆண்டுச் சட்டம் பாலே கற்பிப்போருக்கு அரசுப் பட்டயத்தைக் கட்டாயமாக்கியது. வளரும் எலும்பில் கைவைப்பவர் உடலியல் படித்திருக்க வேண்டும் என்று அந்நாடு கருதியது. அந்தக் கண்டிப்பு இங்கும் வேண்டும். குலம் கேட்கும் பெரியவருக்கும் அதே விடை. படம் பார்த்துக் கற்ற நம் இளைஞருக்கும் அதே விதி. அவரிடமே இதைச் சொன்னோம். "தேர்வு வச்சா நான் எழுதுறேன் சார், படிக்கிறதுக்கு இடம் சொல்லுங்க" என்றார்.

வாரத்துக்கு இருநாள் ஆடலாசிரியர் ஒருவரை இவ்வட்டாரப் பள்ளிகளுக்கு அனுப்பக் கோரி முதன்மைக் கல்வி அலுவலருக்கு விண்ணப்பம் எழுதியிருக்கிறோம். முதற் கையொப்பம் அந்தத் தாயினுடையது. ஆலை விடும் நேரத்தில் வாயிலில் நின்று மற்றவற்றைத் திரட்ட வேண்டும். சனிக்கிழமை கூலி நாள், கூட்டம் இருக்கும். சாத்தூர், வெம்பக்கோட்டைத் தோழர்கள் அன்று மாலை ஐந்து மணிக்கு வந்து சேர்க.